பேத்தியின் பரிசோதனைக்கு நான் போகாத கதை

1

கிள்ளானில் இரண்டு மாடிக் கட்டடம். கீழே லாரிகளுக்குப் படுதா தைக்கும் பட்டறை, மேலே வீடு. ஈப்போவில் இன்னொரு பட்டறை. என்னிடம் வேலை பழகி வெளியே போய்ச் சொந்தக் கடை போட்டவர்களை ஏற்றினால் ஒரு பஸ் நிரம்பும். பையன்கள் இரண்டு பேரையும் காலேஜ் முடிக்க வைத்தேன். மகளை ஸ்ரீரங்கத்தில் கட்டிக் கொடுத்தேன். பாலக்கரையில் மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டு வீட்டை இடித்து, தம்பிகளுக்குள் சண்டை வராதபடி ஆளுக்கொரு வாசல் வைத்துக் கட்டினேன்.

இத்தனையும் ஐந்தாம் வகுப்புப் படித்தவன் செய்தது. அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி நாள் காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் கோணி தைத்துக்கொண்டிருந்தேன். மலேசியாவுக்கு வந்தபோது கையில் இருந்த தொழில் அது ஒன்றுதான். கோணியிலிருந்து படுதா, படுதாவிலிருந்து படகுக்கு உறை, கடைசியில் பறக்கப் பழகுகிறவர்களின் கிளப்பில் வெட்டவெளியில் நிற்கும் சின்ன விமானங்களுக்கு மழை உறை வரைக்கும் நான் தைத்தாயிற்று.

இதையெல்லாம் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்றைப் போன வருடம் திருச்சியில் செய்தேன். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்று காலை வழக்கம்போல நடந்துவிட்டு, மாமாக் கடையில், அதாவது இங்குள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஆற்றின தேநீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, அது நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்று ஞாபகம் வந்தது. தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

2

ஹரிணி என் மகள் செல்வியின் மகள். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். விமானம் ஓட்ட வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூவில் நல்ல மார்க்கும் வாங்கிவிட்டாள். ஆனால் இந்தப் படிப்புக்கு மார்க் மட்டும் போதாது. முதலில் உடம்பு சரியாக இருக்கிறது என்று, இதற்கென அரசாங்கம் அங்கீகரித்த டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் பயிற்சிப் பள்ளியில் சேர முடியாது.

பிள்ளைக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்திலிருந்து ஒரு படபடப்பு மட்டும் உண்டு. உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும், மூச்சு பாதியில் நின்றதுபோல இருக்கும். செல்வி அவளைத் தில்லை நகரில் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டு ஆட்களைத் தவிர மற்ற சொந்தக்காரர்களிடம் பல் டாக்டரிடம் போவதாகச் சொன்னாள். மாதக்கணக்காகப் பல்லுக்குப் போகிறார்களே என்று ஒருவருக்கும் சந்தேகம் வராதது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். மாத்திரை எதுவும் இல்லை, பேச்சும் பயிற்சியும்தான். அதில் பிள்ளை நன்றாகவே தேறிக்கொண்டு வந்தாள்.

சான்றுக்கான டாக்டரும் தில்லை நகரில்தான். முதல் தடவை பரிசோதனைக்குப் போனபோது குடும்பமே போனது. நம் ஊரில் நல்ல காரியத்துக்கு ஒற்றையாகப் போகிற பழக்கம் ஏது? செல்வி, மாப்பிள்ளை பாஸ்கர், அவருடைய அண்ணன் சேகர், சேகரின் மனைவி, பக்கத்து வீட்டு அம்மாள், இன்னும் பெயர் தெரியாத இரண்டு பேர். கிளம்ப நல்ல நேரம் குறித்துக் கொடுத்தது சேகர். அவர் பஞ்சாங்கம் பார்க்காமல் பல்கூடத் தேய்க்க மாட்டார்.

நானும் இருந்தேன், வீடியோ காலில். சேகர் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, இங்க பாருங்க, இதுதான் டாக்டர் ரூம். பாப்பா, தாத்தாவுக்குக் கை காட்டு" என்றார்.

கூட நின்ற அத்தனை பேரும் அவளுக்குப் பக்கத்திலும் பின்னாலும் நின்று முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு நேரே இருந்தது நான் ஒருவன்தான், மலேசியாவிலிருந்து. நான் பார்த்த முகம் டாக்டருக்குப் பயந்த முகம் இல்லை. அவள் கண் அறைப்பக்கம் போகவே இல்லை. சுற்றி நிற்கிறவர்கள்மேல் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தது. ஆட்களை வைத்து வேலை வாங்கினவனுக்கு முகம் படிக்கத் தெரியும். அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை.

டாக்டர் பிரஷர் பார்த்தார், அதிகம். கொஞ்சம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார், இன்னும் அதிகம். "முன்னாடி படபடப்பு, பதற்றம் ஏதாவது உண்டாம்மா?" என்று ஹரிணியைக் கேட்டிருக்கிறார். அவள் வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்ற செல்வி, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போதைக்குத் தகுதி இல்லை, சில வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டில் யாருக்கும் "இப்போதைக்கு" என்ற சொல் காதில் விழவில்லை.

3

டிக்கெட் போட்டுக்கொண்டு நானே வந்தேன். திருச்சி ஏர்போர்ட் வாசலில் ஆட்டோக்காரர், "ஸ்ரீரங்கம்தானேங்க, போலாமா?" என்றார். "போலே" என்றேன். மலாயில் சரி, ஆகட்டும் என்று அர்த்தம். வருடக்கணக்காகப் புழங்கிய வாய், தானாக வந்துவிடுகிறது. அவர் வண்டியை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்து, "திருநெல்வேலிப் பக்கமாங்க?" என்றார். பாலக்கரைக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

வீட்டுக்குள் நுழைந்தால் சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், பிரஷர் பார்க்கிற மிஷின். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை என்று பிள்ளையைக் கூப்பிட்டுக் கையைக் கட்டிவிடுகிறார்கள். சுற்றி நின்று எல்லோரும் மிஷினையே பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னிக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்கிறாள். பால் ஊற்ற வந்தவர்கூட ஒரு தடவை கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாம்பாரில் உப்பு இல்லை. விளக்குப் போட்டாயிற்று, கையில் கறுப்புக் கயிறு கட்டியாயிற்று. அத்தனையும் பாசம்தான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் ஹரிணி என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பும்போது மாம்பழச்சாலையில் ஒரு ஜூஸ் கடையில் வண்டியை நிறுத்தினாள்.

"தாத்தா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"நீ சொல்லு. கோச்சுக்கிறதா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

"மாடியில தனியா உக்காந்து பாத்தா எனக்கு பிரஷர் சரியா இருக்கு. கீழ மேஜையில பாத்தா ஏறுது. அந்த டாக்டர்கிட்ட எனக்குப் பயமே இல்ல. கதவுக்கு வெளிய நிக்கிறாங்களே, அவங்கள நெனச்சாதான். பெரியப்பா லீவு போட்டுட்டு வராரு. அம்மா பச்சைத் தண்ணி குடிக்காம நிக்கிறாங்க. எனக்குக் கிடைக்கலன்னா இத்தன பேரையும் நான்தான் சமாதானம் பண்ணணும்."

"அதுல நானும் உண்டா?"

"நீங்க போன்லதானே இருந்தீங்க. கொஞ்சம் கம்மி."

அவள் சும்மா பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆலோசகர் சொன்னபடி, கல்லூரிச் சேர்க்கைக்கு விசாரிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த டாக்டரின் கிளினிக்குக்கே போய், வெளியே போட்டிருக்கும் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாளாம். "நெஞ்சு அடிக்குதுன்னா அத நிறுத்தப் போராடக் கூடாது தாத்தா. அடிச்சுக்கட்டும்னு விட்டுட்டு, மூச்ச நீளமா வெளிய விட்டுக்கிட்டே இருக்கணும். அதுவே அடங்கிடும்" என்றாள். மனதை இப்படிப் பழக்குவது எனக்குத் தெரியாத வேலை. அதை அவளே பார்த்துக்கொண்டாள். அந்தப் பெருமையில் நான் பங்கு கேட்கவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். இந்தத் தடவை ஆலோசகரிடம் போய் வந்ததை டாக்டரிடம் சொல்லிவிடப் போகிறாள், ஆலோசகர் கொடுக்கும் கடிதத்தோடு.

அன்று சாயங்காலம் வீட்டில் அது வெடித்தது.

"சொன்னா ஃபைல்ல ஏறிடும்பா" என்று செல்வி என்னிடம் முறையிட்டாள். "நாளைக்கு இவளுக்கு ஒரு இடம் வந்து விசாரிச்சாங்கன்னா நான் என்ன பதில் சொல்றது?"

"அம்மா, எனக்குப் பின்னாடி ஆளுங்கள உக்கார வச்சு ஓட்டப் போறேன். முதல் கையெழுத்தே பொய்யா போடச் சொல்றீங்களா?" என்றாள் ஹரிணி.

"பொய் இல்லம்மா அது. சொல்லாம விடறது" என்றார் சேகர்.

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். இந்த விஷயத்தில் அந்த வீட்டிலேயே அனுபவம் உள்ளவன் நான் ஒருவன்தான். வேலை பர்மிட்டைப் புதுப்பிக்க வருடா வருடம் மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றவன். என்னோடு நின்ற இரண்டு பேருக்கு நெஞ்சில் பழைய தழும்பு இருந்தது. எப்போதோ வந்து, மருந்து சாப்பிட்டு, ஆறிப்போன காசநோய். ஒருவன் மறைத்தான். எக்ஸ்ரேயில் தெரிந்ததும் புது நோய் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொருவன் ஊரில் எடுத்த பழைய எக்ஸ்ரேயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, கேட்பதற்கு முன்னால் மேஜையில் வைத்தான். அவன் இன்றைக்கும் கிள்ளானில்தான் இருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான். இதைச் சொல்லிவிட்டு, "பிள்ள சொல்றபடிதான் நடக்கும். இதுல இனிமே பேச்சு கிடையாது" என்றேன். மாப்பிள்ளை எழுந்து போய் டிவியைப் போட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

4

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மூத்த பையனுக்கு மெல்போர்னில் வேலை. அவன் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. போனில் நான் தமிழில் கேட்பேன், அவர்கள் இங்கிலீஷில் சொல்வார்கள், நான் ஓகே ஓகே என்பேன். ஒரு தடவை அதில் பெரியவனுக்குக் குடல்வால் ஆபரேஷன். நடந்து, வீட்டுக்கு வந்து, மறுபடி பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். கேட்டால், "உங்களை எதுக்குப் பதற வைக்கணும்னுதான்பா" என்கிறான் மகன். நான் பல மாதம் சரியாகப் பேசவில்லை.

நான் மலேசியாவுக்குப் புறப்பட்ட அன்று பாலக்கரையில் எங்கள் தெருவே திருச்சி ஜங்ஷனுக்கு வந்தது. ரயில் நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை முகத்தையும் நினைத்துக்கொண்டுதான் முதல் வருடத்தை ஓட்டினேன். தோற்றுத் திரும்பிப் போனால் இவர்களை எப்படிப் பார்ப்பது என்ற நினைப்புதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. அதே நினைப்புதான் ஹரிணியை அமுக்கிக்கொண்டிருந்தது. இது எனக்கு உறைக்க ஜூஸ் கடையிலிருந்து வீடு வந்து சேருகிற வரை ஆயிற்று. மெல்போர்ன்காரன்மேல் இருந்த கோபமும் அந்த வழியில் கொஞ்சம் குறைந்தது. முழுசாக இல்லை.

5

அடுத்த பரிசோதனைக்கு ஹரிணி தானே நேரம் வாங்கினாள். புதன்கிழமை நடுப்பகல். அதாவது நல்ல ராகு காலம். சேகருக்குத் தெரிந்தால் டாக்டரையே மாற்றச் சொல்லுவார். எனக்கு மட்டும் சொன்னாள். "யாரும் வர வேணாம்னு சொல்லவும் முடியாது தாத்தா. கூப்பிடலன்னு ஆயுசுக்கும் பேச்சு வரும்."

அது உண்மை. வராதீர்கள் என்றால் நம் ஆட்கள் இரண்டு மடங்காக வருவார்கள். வேறு இடத்துக்குக் கூப்பிட வேண்டும், அதுவும் தட்ட முடியாத இடமாக இருக்க வேண்டும். ஒரு ராத்திரி யோசித்தேன். காலையில் இட்லி சாப்பிடும்போது, "கொள்ளிடத்துக்கு அந்தாண்ட மனை ஒண்ணு வாங்கிப் போடலாம்னு பாக்குறேன். எனக்குத் தனியா முடிவெடுக்கத் தெரியல, எல்லாரும் வந்து சொல்லுங்க. புதன்கிழமை வேன் அனுப்புறாங்களாம், மத்தியானச் சாப்பாடும் அவங்களே போடறாங்களாம்" என்றேன்.

மலேசியா மாமா மனை வாங்குகிறார், அபிப்பிராயம் கேட்கிறார். யார் பெயருக்கு எழுதுவார் என்று தெரியாது. ஒரு ஆள் பாக்கியில்லாமல் வந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் குடையோடு முதல் ஆளாக வேனில் ஏறினாள். "ஹரிணி வரலையா?" என்று செல்வி கேட்டாள். "பிள்ளைக்கு வெயில் எதுக்கு, தூங்கட்டும்" என்றேன்.

கல் நட்டு, கலர் கொடி கட்டிய பொட்டல். சேகர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நீரோட்டம் பார்த்தபடி மனை மனையாக நடந்தார். அவர் பின்னால் எல்லோரும் நடந்தார்கள்.

"மாமா, இங்க தேங்கா நிக்குது பாருங்க. நல்ல தண்ணி."

"நல்லா பாருங்க தம்பி. அந்தக் கடைசி வரிசையும் பாத்துடுங்க" என்றேன். அவர்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

வெளியே இப்படிப் பேசிக்கொண்டிருந்தேனே தவிர, சட்டைப் பையில் இருந்த போன் கல்லாகக் கனத்தது. நானாகக் கூப்பிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எந்த விஷயத்தையும் நடப்பதற்கு முன்னால் பத்துப் பேரிடம் சொல்லிவிடுகிற வாய் என்னுடையது. அதை அன்று தைத்துப் போட்டதுபோல வைத்திருந்தேன். வாழ்க்கையில் எத்தனையோ கவுண்டர் முன்னால் நின்றிருக்கிறேன், உள்ளங்கை இப்படி வேர்த்ததில்லை. பிள்ளை சொன்னபடி மூச்சை நீளமாக வெளியே விட்டுப் பார்த்தேன்.

"என்னப்பா, புஸ்ஸு புஸ்ஸுன்னு விடறீங்க?" என்றாள் செல்வி.

"ஊர் வெயில் ஒத்துக்கல."

எல்லோரும் பந்தலில் இலை முன்னால் உட்கார்ந்தபோது போன் அடித்தது. எழுந்து ஓரமாகப் போனேன். பின்னால் தில்லை நகர் ரோட்டின் ஹாரன் சத்தம்.

"தாத்தா, கிடைச்சிடுச்சு. தகுதின்னு எழுதிக் கொடுத்துட்டாரு."

"பிரஷர்?"

"மொதல்ல கொஞ்சம் இருந்துச்சு. கொஞ்ச நேரம் உக்காருன்னாரு. வெளிய வந்து பாத்தா நாற்காலியில யாருமே இல்ல தாத்தா. ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. உக்காந்தேன். மறுபடி பாத்தாரு, சரியா இருந்துச்சு."

"அந்த விஷயம் சொன்னியா?"

"சொன்னேன். கடிதத்தையும் கொடுத்தேன். நிறையக் கேள்வி கேட்டாரு. கடைசியில, 'இத நீ மறைச்சிருந்தாதான் எனக்கு யோசனையா இருந்திருக்கும்'னாரு."

பந்தலுக்குத் திரும்பி வந்து நடு இடத்தில் நின்று சொன்னேன். செல்வி எச்சில் கையோடு எழுந்து நின்று அழுதாள். அழுதுகொண்டே என்னைப் பிடித்தாள்.

"பெத்தவ நான்பா. எம் பொண்ணு அங்க தனியா நிக்கிறா, என்னைய இங்க கல்லு எண்ண வச்சிருக்கீங்க."

"நீ கல்லு எண்ணுனதாலதான் அவளுக்குக் கிடைச்சுது" என்றேன்.

"மாமா, இப்ப ராகு காலமாச்சே" என்றார் சேகர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. பாவம், அவருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

அந்தச் சந்தோஷத்தில் மனைக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன். தேங்காய் நின்ற மனைதான். இப்போது அந்தப் பக்கம் ரோடு வந்துவிட்டது, விலையும் ஏறிவிட்டது. நான் தொட்டது எது வீணாகியிருக்கிறது?

6

அதற்கு மேலும் ஒரு பெரிய பரிசோதனை வெளியூரில் இருந்தது. அதற்கும் ஹரிணி ஒரு தோழியோடு மட்டும் போய் வந்தாள், கிடைத்தது. இப்போது பயிற்சிப் பள்ளியில் இருக்கிறாள். போன வாரம் முதல் தடவையாகப் பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் தனியாகவே விமானத்தை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டாள். கோணி தைத்தவன் பேத்தி. ஊரார் இதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதைக் கொண்டாட அம்மா மண்டபம் ரோட்டு முனையில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். நேற்று மாப்பிள்ளை போனில் படம் அனுப்பினார். வெள்ளைச் சட்டையில் ஹரிணி, பின்னால் மேகம். கீழே வட்டம் வட்டமாகத் துணை நின்றவர்கள். செல்வி இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார். "நல்ல நேரம் குறித்துக் கொடுத்த பெரியப்பா" என்று சேகர் இருக்கிறார். குடைக்கார அம்மாளும் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். நான் இல்லை.

உடனே செல்வியைக் கூப்பிட்டேன்.

"அப்பா, அது கூட நின்னவங்க படம். நீங்கதான் அன்னிக்கு அங்க இல்லையே."

"நீ இருந்தியா?"

"நான் பெத்தவ இல்லையாப்பா?"

"சேகர் தம்பி இருந்தாரா? கையில தேங்காயோட எங்க நின்னாரு?"

"சும்மா இருங்கப்பா. இன்னொரு சேதி கேளுங்க. மெடிக்கல் சர்ட்டிபிகேட்ட மறுபடி புதுப்பிக்கணுமாம், அடுத்த மாசம். போன தடவதான் ஏமாத்திட்டீங்க. இந்த தடவ சேகர் அத்தான் வேன் பேசிட்டாரு. எல்லாருமா மாலையோட போறோம்."

அதனால்தான் தேநீர் ஆறியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போனில் சொன்னால் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், அச்சில் வந்தால் நாலு பேர் கேட்பார்கள்.

செல்வி, மாப்பிள்ளை, சேகர் தம்பி, மூன்று பேரும் கேளுங்கள். அந்தப் பிள்ளை ஜெயித்தது அவள் தைரியத்தால். டாக்டரிடம் உண்மையைச் சொன்னது அவள் வாய். அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் அன்று அந்த நாற்காலிகள் காலியாக இருந்தனவே, அது தானாக நடக்கவில்லை. அத்தனை பேரையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், சோறு போட்டு, வெயிலில் நடக்கவிட்டு, வாயைக் கட்டிக்கொண்டு நின்றவன் நான். கூட நிற்பதற்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். நிற்காமல் இருக்க ஆள் சேர்த்தவன் நான் ஒருவன்தான்.

புது பிளெக்ஸ் அடியுங்கள், செலவு என்னுடையது. சேகர் தம்பி படத்தை எடுக்க வேண்டாம். என் படத்தை அதற்கு மேலே போடுங்கள், பெரிதாக. கீழே இப்படி எழுத வேண்டும்: "பரிசோதனை அன்று ஒருவரையும் கூட வர விடாத தாத்தா, கிள்ளான்." ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் படிக்கிற அளவில் எழுத்து இருக்கட்டும். வீட்டு வாசலுக்கு வருகிற வேன்காரர் அதைப் படித்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போகட்டும்.